நோயின் பெயர் ஒன்று, வேர் பல
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறுநீரக நோயைப் பற்றிப் பேசும்படி உங்கள் காரியதரிசி கேட்டபோது, விழா மேடைக்கு ஏற்ற பொருளா இது என்று சற்றுத் தயங்கினேன். ஆனால், "குண்டிக்காய் பழுது" என்ற சொல்லைத் தம் வீட்டிலோ அயலிலோ கேளாதவர் இம்மண்டபத்தில் ஒருவரும் இரார். அந்தச் சொல்லோடுதான் எனக்கு இன்று வழக்கு.

காய்ச்சல் என்றால், மலேரியாவா, டெங்குவா, நெருப்புக் காய்ச்சலா என்று கேட்கிறோம். குண்டிக்காய் பழுது என்றால் மட்டும், "எத்தனை வீதம் வேலை செய்கிறது?" என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருந்துவிடுகிறோம். எதனாலே பழுதாயிற்று என்று கேட்பார் இல்லை.

இந்த மயக்கம் பழையது. இலண்டனில், கைஸ் வைத்தியசாலையிலே கடமையாற்றிய றிச்சட் பிறைற் என்னும் வைத்தியர், 1827இல், உடல் வீங்கி இறந்தோரின் சிறுநீரகங்கள் கெட்டிருந்ததையும், அத்தகையோரின் சிறுநீரைச் சூடாக்கினால் முட்டை வெண்கரு போலத் திரைவதையும் எழுதி வெளியிட்டார். அரிய கண்டுபிடிப்புத்தான். ஆயினும் அதன் பின் நெடுங்காலம், வெவ்வேறு நோய்கள் பலவும் "பிறைற்றின் நோய்" என்னும் ஒரே சாக்கினுள் அடைக்கப்பட்டன. சாக்கை அவிழ்த்துப் பிரிக்கும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

பிரிப்பதனால் என்ன பயன்? ஒரே வயதுள்ள இருவருக்கு இரத்தத்தில் கிரியாற்றினின் அளவும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சலரோகத்தால் வந்த பழுது. மற்றவருக்குப் பரம்பரையாக வந்த நீர்ப்பைகள். பரிசோதனைத் துண்டைப் பார்த்தால் இருவரும் ஒன்று. வாழ்வின் போக்கோ வேறு. ஒக்ஸ்போட்டிலிருந்து நடத்தப்பட்ட "ஷாப்" என்னும் ஆய்வில், இரத்தச் சுத்திகரிப்பு நிலைக்கு இன்னும் வராத ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து, காரணத்தின்படி பிரித்துக் கணக்கிட்டு 2014இல் வெளியிட்டார்கள். நீர்ப்பை நோயாளர் சுத்திகரிப்பு நிலையை விரைந்து எட்டினர். ஆனால், மரண ஆபத்து அவர்களைவிடச் சலரோகச் சிறுநீரக நோயாளருக்கே இருமடங்குக்கும் அதிகமாய் இருந்தது. சலரோகம் சிறுநீரகத்தோடு நில்லாது. இருதயத்தையும் மூளையின் நாளங்களையும் சேர்த்தே அரிக்கும். ஆகவே ஒருவர் அஞ்சவேண்டியது பெரும்பாலும் மாரடைப்புக்கு. மற்றவர் ஆயத்தமாக வேண்டியது மாற்றுச் சிறுநீரகத்துக்கு. இருவருக்கும் ஒரே ஆலோசனை சொல்லி அனுப்புவது எப்படித் தகும்?

மருந்தும் அப்படியே. சலரோகத்துக்கென வந்த டபாகிளிஃப்ளோசின் என்னும் குளிகை, சலரோகம் இல்லாத சிறுநீரக நோயாளர் பலரையும் காக்கிறதென்று 2020இல் தெரியவந்தது. நல்ல செய்தி. ஆனால் அந்த ஆய்வில் பரம்பரை நீர்ப்பை நோயாளர் சேர்க்கப்படவில்லை. "பக்கத்து வீட்டார் குடிக்கிறார், நானும் குடிக்கலாமா?" என்று கேட்பவர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

நம் நாட்டுக்கே வருவோம். வடமத்திய மாகாணத்திலே, பதவியா, மதவாச்சி போன்ற கமத்தொழில் ஊர்களில், சலரோகமோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் கெடுவது 1990களில் கண்டறியப்பட்டது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும் இதையொத்த நோய் உண்டு. தண்ணீரா, கிருமிநாசினியா, வெயிலா, இவையெல்லாம் சேர்ந்தா என்ற வாதம் ஓயவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, இந்த நோய் வடிகட்டும் முடிச்சுகளைவிட நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையுமே முதலில் தாக்குவதால், தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவே போகும் என்பதுதான். பிறைற் காட்டிய அடையாளத்தை மட்டும் தேடினால், நோயாளி சுகதேகி என்றே வீடு திரும்புவார். இரத்தத்தையும் சோதிக்கவேண்டும்.

இன்னொன்று சொன்னால் சிலர் என்மேற் கோபிக்கக்கூடும். 1990களின் தொடக்கத்தில் பிறசெல்சு நகரிலே, உடல் மெலிய மூலிகைக் குளிகை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. அரிஸ்ரலோக்கியா என்னும் செடியினத்தின் நஞ்சே காரணம். பின்னர் அவர்களுட் பலருக்குச் சிறுநீர்ப் பாதையிற் புற்றுநோயும் கண்டது. காரணம் தெரிந்திருந்தபடியாற்றான் வைத்தியர்கள் புற்றையும் தேடினார்கள். நம்மவர் ஈசுரமூலி என்பதும் அந்த இனத்துச் செடியே. நாட்டு வைத்தியத்தை நான் இகழவில்லை. உண்டதை வைத்தியரிடம் மறையாதீர்கள் என்கிறேன்.

இனி என் வீட்டுக் கதை. என் சித்தப்பா ஐம்பத்துமூன்று வயதிற் சுத்திகரிப்புக்குப் போனார். அவருடைய கிளினிக் கொப்பியில் "நாட்பட்ட சிறுநீரக நோய்" என்று மாத்திரம் எழுதியிருந்தது. நாங்களும் பிரஷரால் வந்தது என்று இருந்துவிட்டோம். அவர் காலமாகி ஆறு வருடத்தின் பின், பழைய கடதாசிகளை அடுக்கும்போது ஒரு ஸ்கான் அறிக்கை கைக்குக் கிடைத்தது: இரண்டு சிறுநீரகமும் நிறைய நீர்ப்பைகள். பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒருவரும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு முப்பத்தொரு வயது. நீர்ப்பைகள் இருந்தன, இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. அன்றே மருந்து தொடங்கினார்கள். இரண்டாமவளுக்கு ஒன்றும் இல்லை. கடைசித் தம்பி, "தெரிந்து என்ன செய்ய, அண்ணா?" என்று இன்னும் ஸ்கான் எடுக்க மறுக்கிறான். இன்று மாலை இந்தக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பின்வரிசையில் இருக்கிறான் என்று நினைக்கிறேன்.