பழைய வேனுக்கு மின்விசை



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். மோட்டாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கலாம். டெல்லியில் வாழும் நம்மவருள் மாவரைத்து வீடுவீடாய்க் கொடுப்போரும், பூவும் காப்பித்தூளும் விற்போரும் உளர். அவர்களுள் சிலருக்குச் சோறிடுவது ஒரு பழைய மாருதி ஆம்னி வேன்.

1984-ல் பிறந்த அவ்வகை வண்டியின் உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டது. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2025-ல் அவ்வாணை சற்றுத் தளர்ந்ததெனினும் உரிமையாளரின் அச்சம் தீர்ந்தபாடில்லை. ‘இயந்திரத்தைக் கழற்றி மின்மோட்டார் வைத்தால் வண்டி பிழைக்குமா?’ என்று நம்மிடம் கேட்டோர் பலர்.

பிழைக்கும், ஆயினும் எல்லா வண்டியும் பிழைக்காது.

ஆம்னியின் அமைப்பு இவ்வேலைக்கு இசைந்ததே. அதன் 796 சி.சி. இயந்திரம் முன் இருக்கைகளின் அடியில் இருக்கிறது; அங்கிருந்து கியர்ப்பெட்டி வழியாகவும் நீண்ட தண்டு வழியாகவும் பின்சக்கரங்களுக்கு விசை செல்கிறது. இயந்திரத்தை எடுத்துவிட்டு, இணைப்புத் தகடொன்றை இடையில் வைத்து, மோட்டாரைப் பழைய கியர்ப்பெட்டியோடே பூட்டலாம். பெட்ரோல் தொட்டி, ரேடியேட்டர், புகைக்குழாய் யாவும் நீங்கும். இயந்திரத்தின் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக்குக்குத் துணைசெய்யும் கருவியுள்ள வண்டியாயின், அத்துணையும் உடன் போய்விடும். மின்சாரத்தால் இயங்கும் வெற்றிடப் பம்பு ஒன்று வைத்தே ஆகவேண்டும். மோட்டாரின் வேகத்தை வியந்து பேசுவோர் இதனை ஏனோ பேசுவதில்லை.

இனிப் பாட்டரி. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகையில், 200 ஆம்பியர்-மணி கொண்ட 3.2 வோல்ட் கலங்கள் 24 சேர்த்தால் 15 யூனிட் மின்சாரம் அடங்கும். அதில் 12 யூனிட்டுக்கு மேல் இறக்காதிருப்பது நலம். சுமையோடு கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி செலவென வைத்தால் 80 கிலோமீட்டர் ஓடும். வீட்டில் 3 கிலோவாட் மின்னேற்றி இருப்பின் இரவில் ஐந்து மணிக்குமேல் சிறிது நேரம் போதும். விடியலில் 40 கிலோமீட்டர் சுற்றி வீடு திரும்பும் மாவு வணிகருக்கு இது ஏற்றது; ஆக்ராவுக்குச் சரக்கேற்றுவோருக்கு ஆகாது.

கலங்கள் மட்டுமே ஏறத்தாழ 100 கிலோ எடையாகும். அவற்றைத் தாழ்வாக, இரு அச்சுகளுக்கும் இடையே வைக்கவேண்டும். அடித்தட்டு துருவேறிய வண்டியில் அவற்றை ஏற்றுவது, இற்ற உறியில் நெய்ப்பானையைத் தொங்கவிடுவது போலாம்.

இவற்றினும் கடினமானது பதிவு. நம் அன்பர் ஒருவர் ஒரு பட்டறையில் பணங்கட்டி வண்டியை மாற்றினார். வண்டி ஓசையின்றி அழகாக ஓடியது; பதிவுப் புத்தகத்திலோ ‘பெட்ரோல்’ என்றே இருந்தது. பட்டறையார் பொருத்திய கருவிகளுக்கு ஒப்புதற் சான்று இல்லை. வண்டி இன்றும் வீட்டு வாயிலில் நிற்கிறது. வணிகம் சைக்கிளில் நடக்கிறது.

2016-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள் இம்மாற்றத்துக்கு வழி வகுத்தன. சோதனை நிறுவனம் அவ்வண்டி வகைக்கென ஒப்பிய கருவித்தொகுதியையே பொருத்தவேண்டும், பின்னர்ப் பதிவிலும் எரிபொருளை மாற்றி எழுதவேண்டும், காப்பீட்டாருக்கும் தெரிவிக்கவேண்டும். 2021-ல் டெல்லி அரசு 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு இவ்வழியைத் திறந்தது. பெட்ரோல் வேன் உடையோர், தம் வண்டிக்கு ஒப்புதல் பெற்ற தொகுதி உண்டா, வயது கடந்தபின் பதிவு நீளுமா என்று போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் விடை பெற்ற பின்னரே முன்பணம் கொடுப்பாராக. விடை பாதகமாயின், வேனை விற்று மின்சரக்கு ஆட்டோ வாங்குவதே மேல். பழைய வண்டியின்மேல் உள்ள பற்றினை நாம் அறிவோம். வரவுசெலவுக் கணக்கில் அதற்கு இடமில்லை.

விழா முடிந்தபின் பதிவுப் புத்தகத்தோடு வருவோரின் வண்டியைக் கீழே படுத்துப் பார்த்துச் சொல்ல நம்முள் இருவர் ஆயத்தமாக உள்ளனர்.