பந்தியில் இடம் மறுக்கப்பட்ட மேகநாத் சாஹா

ரெண்டே நிமிஷம் கேளுங்க.

1893இல் டாக்கா பக்கத்துல ஒரு கிராமத்து மளிகைக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவர் மேகநாத் சாஹா. ஒரு டாக்டர் தன் வீட்டில் தங்கவைத்துப் படிக்க உதவினார். மாவட்டத்தில் முதலிடம் எடுத்து உதவித்தொகை வாங்கினார். 1905இல் ஆங்கிலேய கவர்னருக்கு எதிர்ப்பு காட்டியதால் பள்ளியும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. வேறு பள்ளியில் சேர்ந்து படித்தார்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தார். விடுதியில் மேல்சாதி மாணவர்கள் இவரோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்தார்கள்.

அந்த மாணவர்தான் 1920இல் நட்சத்திர ஒளியிலிருந்தே அதன் வெப்பத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை உலகத்துக்குத் தந்தார். வெப்பம் ஏற ஏற அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்றுபோகும். எவ்வளவு கழன்றிருக்குன்னு ஒளியில் தெரியும் கோடுகள் காட்டிக்கொடுத்துடும். நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான். நாலு வருஷத்துல இவர் பேரை யாரும் சொன்னதில்லை.

"இவங்களுக்கெல்லாம் எதுக்கு உதவித்தொகை?"ன்னு கேட்கிறவங்ககிட்ட இவர் கதையைச் சொல்லுங்க. "படிச்சவனுக்கு எதுக்கு அரசியல்?"ன்னு கேட்டாலும் இவரையே சொல்லுங்க. 1952 முதல் பொதுத்தேர்தலில் கல்கத்தாவில் நின்று ஜெயித்தார். ஆற்று வெள்ளத் தடுப்பு, தொழில் வளர்ச்சி, அணுசக்தி எல்லாத்துக்கும் குரல் கொடுத்தார்.

1956 பிப்ரவரி 16, டெல்லி. திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பு. வயசு 62. அன்னைக்கும் அவர் எம்.பி.