பார்க்கிங் 14-ல் நிற்கும் பழைய கார்: மூன்று கேள்விகளுக்கு என் பதில்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



"சார், உங்க பழைய காரைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். முப்பத்தேழு வருடம் வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "அடுத்தவங்க வாங்க" என்பதைத் தவிர அதிகம் பேசாதவன் நான். ஆனால் இந்தக் காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த நாளிலிருந்து லிஃப்டிலும் மொட்டைமாடியிலும் என்னிடம் எல்லாரும் கேட்பது மூன்றே கேள்விகள்தான். எவ்வளவுக்கு வாங்கினீங்க? மைலேஜ் என்ன தருது? இந்த வயசுல இது எதுக்கு? மூன்றுக்கும் இன்றைக்கே பதில் சொல்லிவிட்டால் இனிமேல் லிஃப்டில் நிம்மதியாகப் போகலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

முதலில் அது என்ன கார் என்று சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டில் செய்து கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வண்டலூர்ப் பக்கம் செய்தது. மெட்ராஸில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல் இதைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி 1988-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. என்னுடைய வண்டி 1967-ல் பதிவான இரண்டு கதவு மாடல்.

இங்கிலாந்தில் இதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு. 1959-ல் வந்தது. உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலியர். இதே ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே வேறு உடம்பை வைத்துத்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அது மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆகவே என் கார் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடியிருக்கின்றன. நம் ஊர் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றால், என் கணக்கில் இதுதான்.

எனக்கும் இதற்கும் பழைய சம்பந்தம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த கிளையில் ஏஜென்ட் ஒரு ஹெரால்டு வைத்திருந்தார். மழைக்காலத்தில் காலை நேரத்தில் ஸ்டார்ட் ஆகாது. நாங்கள் நாலு கிளார்க்குகள் தள்ளுவோம். கிளம்பியதும் அவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதன்பிறகு டிவிஎஸ் 50-லேயே என் சர்வீஸ் முடிந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் லோன் பேப்பர் எழுதியது இந்தக் கைதான். ஆனால் ஹெரால்டை ஒருநாள்கூட ஓட்டியதில்லை. தள்ளியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது முதல் கேள்வி. எவ்வளவு?

நான் பி.காம். படித்தவன், கணக்கை மறைக்கத் தெரியாது. வண்டி விலை 2,40,000 ரூபாய். சேஸிஸ் வெல்டிங், பெயின்ட் 1,35,000. இன்ஜின் வேலை 70,000. வெளியிலிருந்து வரவழைத்த சாமான்கள் 55,000. பேப்பர் வேலை, அலைச்சல் 20,000. ஆக மொத்தம் 5,20,000. நான் ஒதுக்கியது மூன்றரை லட்சம். அதற்கு மேல் போன 1,70,000 எங்கே போனது என்பதுதான் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்.

விற்றவர் ஒரு புரோக்கர். புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. மண்டி போட்டு அடியில் பார்க்கச் சோம்பல், முட்டி வலி வேறு. ஹெரால்டுக்கு சேஸிஸ் தனி, உடம்பு தனி. உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கழற்றிப் பார்த்தால் சேஸிஸின் இரண்டு பக்கக் கைகளும் துருப்பிடித்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போனது. எழுபதாயிரமாவது அதிலேயே போயிற்று.

அதைவிடப் பெரிய தவறு பேப்பரில். வண்டி இறந்துபோன ஒருவர் பெயரிலேயே இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டது என்று ஒரு பழைய படிவத்தைப் புரோக்கர் நீட்டினார். தேதி காலியாக இருந்தது. மற்றவர்கள் கொண்டுவந்த ஆர்.சி. புத்தகத்தை முப்பத்தேழு வருடம் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பியவன் நான். என் வண்டி என்று வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். ஆசை வந்தால் கிளார்க்கும் கஸ்டமர்தான்.

வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. "ஃபிக்ஸட் டெபாசிட்டைத் தொடாதீங்க" என்றதோடு சரி. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆறு மாதம் வண்டி ஷெட்டில் நின்றது. ரோட்டில் எடுத்தால் அடுத்தவர் வண்டி. விபத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸும் வராது, வம்பு வரும்.

சொந்தக்காரர் இறந்துவிட்டால் வாரிசுகள் 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பிறகுதான் அவர்கள் படிவம் 29, 30 கொடுத்து நமக்கு விற்க முடியும். குறுக்கு வழி கிடையாது. அந்தப் பெரியவரின் மூன்று பிள்ளைகளையும் தேடிப் பிடித்தேன். மகன்கள் இருவரும் உடனே கையெழுத்துப் போட்டார்கள். மகள் மட்டும் தயங்கினார். பணம் கேட்பார் என்று நினைத்தேன். "அப்பா இந்த வண்டியிலதான் என்னை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவார். ஓடற நிலைமைக்கு வந்ததும் ஒருதடவை என்னை உட்கார வைப்பீங்களா?" என்று கேட்டார். சரி என்றேன். அழைத்துப் போகவும் செய்தேன். வழியெல்லாம் அவர் பேசவே இல்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஆகவே யாராவது பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் உயிரோடு இருக்கும் ஆளும் ஒன்றா என்று பாருங்கள். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பரை வண்டியில் பார்த்து ஒப்பிடுங்கள். கடன் இருந்திருந்தால் படிவம் 35 கொடுத்து நீக்கியிருக்கிறார்களா, வேறு மாநில வண்டியானால் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அடியில் படுத்துப் பார்க்க ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பெயின்டைக் கடைசியில் பாருங்கள்.

இன்னொரு பயம் பலருக்கும் இருக்கிறது. "15 வருஷம் ஆனா கவர்மென்ட் வண்டியை உடைச்சிடுவாங்களே?" வயதை மட்டும் வைத்துத் தடை என்பது டெல்லிச் சுற்றுவட்டாரத்துப் பேச்சு. நம் பக்கம் 15 வருடத்துக்குப் பிறகு தகுதிச் சோதனையில் தேறி, ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022-ல் 5,000 ஆயிற்று. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டியை 2021 விதிப்படி 'வின்டேஜ்' என்றும் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுது என்று சில காரணங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தினப்படி ஓட்டக் கூடாது. எனக்கு ஓட்ட வேண்டும், அதனால் சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி, மைலேஜ். லிட்டருக்குப் பத்து. சிரிக்காதீர்கள். 948 சிசி இன்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். இன்றைக்கு வரும் சின்னக் கார் எதுவும் என்னை முந்திவிடும், ஷேர் ஆட்டோவும் முந்தியிருக்கிறது.

இந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு வேலை அதிகம். காலையில் சோக்கை இழுத்துவிட்டு, இன்ஜின் சூடாகச் சூடாக உள்ளே தள்ள வேண்டும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், காலால் அழுத்துகிற பலம்தான் பிரேக். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போகும்போது மற்ற காரில் விடுகிற இடைவெளியைப் போல இரண்டு பங்கு விடுவேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பாதி வளைவில் பிரேக் பிடித்தால் பின் சக்கரங்கள் அடிப்பக்கம் உள்ளே மடங்கப் பார்க்கும், பின்பக்கம் வழுக்கும். அந்தப் பின் அச்சின் அமைப்பு அப்படி.

பெட்ரோலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, அது வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. 2000-ல் ஈயம் நாடு முழுவதும் நின்றது. அதனால் ஹெட்டைக் கழற்றிக் கெட்டியான வால்வு சீட் போட்டோம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர்க் குழாய்கள் அதில் ஊறி இளகி வெடிப்பு விடும். பெட்ரோல் கசிந்து சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றாமல் நான் சாவியே போடவில்லை. கீழ்த்தளத்தில் அறுபது வண்டிகள் நிற்கிற இடம் என்பதால் இதை உங்களிடம் சொல்ல வேண்டியது என் கடமை. ஒரு தீயணைப்பானும் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சங்கம் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

வயதானவர்களுக்கு இந்தக் காரில் இரண்டு சலுகைகள் உண்டு. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து பிளக்கைக் கழற்றலாம், குனிய வேண்டாம். இரண்டாவது, 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். நம் பார்க்கிங் தூணைச் சுற்றி மற்றவர்கள் மூன்று தடவை முன்னும் பின்னும் எடுக்கிற இடத்தில் நான் ஒரே சுற்றில் வந்துவிடுவேன்.

மூன்றாவது கேள்வி. இந்த வயசுல எதுக்கு?

"முதலீடு சார், விலை ஏறும்" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். போன மாதம் ஒருவர் மூன்றரை லட்சத்துக்குக் கேட்டார். ஐந்து லட்சத்து இருபதாயிரம் போட்டதில் 1,70,000 நஷ்டம். வாங்கி நாலு வருடம், மாதத்துக்கு ஏறக்குறைய 3,500 ரூபாய். அதுபோக வருடத்துக்கு 35,000 பராமரிப்பு. இதைச் செலவு என்றே எழுதுங்கள். சொத்துப் பக்கம் எழுதினால் ஐந்தொகை பொய் சொல்லும். பென்ஷனிலிருந்து, மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் ஒதுக்கியது போக மிஞ்சியதில் முடிந்தால் மட்டும் வாங்குங்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள். இதைக் கடன் கொடுத்தவனே சொல்கிறேன்.

அப்படியானால் வரவு என்ன? ரிட்டயர் ஆன முதல் வருடம் எனக்குக் காலை பத்து மணி என்பது பெரிய பள்ளமாக இருந்தது. செய்தித்தாளை இரண்டு தடவை படிப்பேன். இப்போது பத்து மணிக்குக் கார்புரேட்டர் இருக்கிறது. அறுபது வயதுக்கு மேல் தெரியாத வேலையை முதலிலிருந்து கற்றுக்கொள்வதில் ஒரு கூச்சம் இருந்தது. என் மகன் வயதுள்ள மெக்கானிக் "அய்யா, ஸ்பேனரை இப்படிப் பிடிக்கக்கூடாது" என்று திட்டத் திட்ட அது போய்விட்டது.

உடம்பு இருக்கும்வரைதான் இது என்பதும் தெரியும். 55 வயதுக்குப் பிறகு லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பார்கள், டாக்டர் சான்றும் வேண்டும். அடுத்த தடவை கண் டாக்டர் தலையை ஆட்டினால் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டம்மாவிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், எல்லாம் ஒரே ஃபைலில், என் மகள் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். என் வாரிசைத் தேடி இன்னொரு கிளார்க் அலைய வேண்டாம்.

மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை திருவக்கரை வரை போய்வருகிறோம். அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கிற பூங்கா இருக்கிறது. கோடிக்கணக்கான வருடப் பழசுக்கு முன்னால் என் 1967 மாடல் பால்குடிக் குழந்தை. வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டு, ஒரு டீ குடித்து, எட்டரைக்குள் காட்டேரிக்குப்பம் திரும்பிவிடுவோம். வழியில் வீட்டம்மா பேசுவார்கள். ஆறு மாதம் பேசாமல் இருந்ததை எல்லாம் சேர்த்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். இன்ஜின் சத்தத்தில் பாதிதான் காதில் விழும். அதற்கும் "சரி" என்று சொல்லிவிடுவேன்.

பக்கத்து இடத்துக்காரர் தன் தூண் பக்க பார்க்கிங்கை எனக்கு மாற்றிக் கொடுத்தார். அவருக்கு நன்றி. குழந்தைகளுக்கு ஒரு சேதி: வரும் ஞாயிறு ஏழு மணிக்குப் பானெட்டைத் திறப்பேன். பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், ரேடியேட்டர் எல்லாம் காட்டுகிறேன். ஹாரன் மட்டும் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தள்ளுவதற்கும் ஆள் வேண்டும். ஏஜென்டைப் போலக் கையை ஆட்டிவிட்டுப் போகமாட்டேன், ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வருவேன்.