அடுத்த நாற்காலியில் யார்?

அமெரிக்க அடிமை ஒழிப்பு வரலாற்றை ஆய்வு செய்கிறவன் என்பதால், ஒரே ஒரு செய்தியைச் சொல்லி அமர்கிறேன்.

1864 தேர்தலில் லிங்கனோடு துணைத் தலைவர் பதவிக்கு நிற்க, அடிமை முறையை எதிர்த்த ஹாம்லினைக் கைவிட்டு, முன்பு அடிமைகளை வைத்திருந்த ஆண்ட்ரூ ஜான்சனைக் கட்சி நிறுத்தியது. எதிர்த்தரப்பு வாக்குகளும் வேண்டும் என்ற கணக்கு. வென்றார்கள்.

பதவியேற்ற ஆறே வாரத்தில் லிங்கன் கொல்லப்பட்டார். ஜான்சன் குடியரசுத் தலைவரானார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய நிலத்தின் பெரும்பகுதியைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பிக் கொடுத்தார். 1866இல் குடிமை உரிமைச் சட்டத்தையும் தடுத்தார். நாடாளுமன்றம் அதை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது. போன நிலம் வரவில்லை.

தலைவரின் முகம் பார்த்து வாக்களிக்கிறோம். அடுத்த நாற்காலியில் யார் என்றும் கேட்போம். கூட்டணிக் கணக்கில் கழிபடுவது ஒடுக்கப்பட்டவரின் உரிமைதான்.