முதலில் மட்டையில், பிறகு மரத்தில்

(சங்கத்தின் இளைஞர் பிரிவும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வருகிற கோடை விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் சேர்ந்து ஒரு மர வள்ளம் கட்டுவது என்று பொதுக்கூட்டத்தில் முடிவாயிற்று. 12 அடி நீளம், தட்டையான அடி, பிளைவூட் பலகை. நல்ல முடிவு. அதற்கென்று அங்கத்தவர்கள் தந்த காசு பொருளாளரிடம் இருக்கிறது. நாளைக்கே போய்ப் பலகை வாங்குவம் என்று சில தம்பிமார் அவசரப்படுகிறார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பலகை வாங்க முதல் அந்த வள்ளத்தை ஒருமுறை மட்டையில் கட்டிப் பாருங்கோ. காலைச் சாப்பாட்டுக் கோன்பிளேக்ஸ் பெட்டியின் மட்டை போதும்.

இதை நான் முந்தி ஒருமுறை சொன்னபோது எங்கடை பெரியவர் ஒருவர் சிரித்தார். "தம்பி, வல்வெட்டித்துறையிலை கட்டின அன்னபூரணி 1938 இலை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் மட்டும் போய்ச் சேர்ந்தது. அதுக்கு ஆர் மட்டையிலை வள்ளம் செய்து பார்த்தவை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகக்கூடாது.

எங்கள் ஓடாவிமார் எப்படிக் கட்டினார்கள்? ஏரா மரத்தை வைத்து, ஒரு பலகைக்கு மேல் மற்றப் பலகை என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு பலகையையும் அது இருக்கப்போகிற இடத்திலேயே பிடித்துப் பார்த்து, செதுக்கி, இணக்குவார்கள். முதற் பலகையில் அரை விரற்கடை பிசகினால் அடுத்த பலகையில் அதைச் சரிக்கட்டலாம். வள்ளம் வளர வளரப் பிழை கண்ணுக்குத் தெரியும். அதோடு, தகப்பனுக்கும் மாமனுக்கும் கீழே நின்று பத்துப் பதினைந்து வருசம் பழகின கண் அது. மாதிரி அவருடைய தலைக்குள்ளே இருந்தது.

நாங்கள் கட்டப்போகிற முறை வேறு. இதில் எல்லாப் பலகையையும் முதலிலேயே தட்டையாக வெட்டிவிட வேண்டும். பிறகு விளிம்போரமாகச் சிறு துளைகள் போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, மூட்டுகளில் கண்ணாடி நார் நாடாவை வைத்து ரெசின் பசை பூசுவார்கள். 1963 இல் பிரித்தானியாவில் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவோடு வெளிவந்த மிரர் வள்ளம் இந்த முறையைப் பிரபலமாக்கியது. ஜாக் ஹோல்ட் என்ற வள்ள வடிவமைப்பாளரும், வீட்டு வேலைகளைத் தொலைக்காட்சியில் செய்து காட்டிய பரி பக்னெல் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. 11 அடிக்குக் கொஞ்சம் குறைவு. எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. தச்சுத் தொழில் தெரியாத சாதாரண சனங்களும் வீட்டுக் கராஜில் வைத்துக் கட்டினார்கள்.

தைத்துக் கட்டுவது எங்களுக்குப் புதிதும் அல்ல. சென்னையில் துறைமுகம் வருமுன், கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது மசுலாப் படகு. அதன் பலகைகள் ஆணி இல்லாமல் தென்னங் கயிற்றால் தைக்கப்பட்டவை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கோ. எல்லாவற்றையும் முதலே வெட்டுகிற முறையில், பிழை கடைசி மட்டும் ஒளிந்திருக்கும். தைத்துத் தூக்கி நிறுத்தும்போதுதான் அணியத்தில் இரண்டு பலகையும் பொருந்தாமல் வாய் பிளந்துகொண்டு நிற்கும். அப்போது பலகை வெட்டியாயிற்று, காசு போயிற்று. ஓடாவியாருக்குத் தேவைப்படாத மட்டை எங்களுக்குத் தேவைப்படுவதன் காரணம் இதுதான்.

சரி, ஏன் மட்டை? களிமண்ணால் செய்தால் என்ன, மரக்கட்டையைச் செதுக்கினால் என்ன என்று கேட்கலாம். களிமண் எந்த வடிவத்துக்கும் இணங்கும். மட்டை இணங்காது. ஒரு பக்கமாக வளை என்றால் வளையும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமாக, தாச்சிச்சட்டி மாதிரி வளை என்றால் மடிந்து சுருங்கும். பிளைவூட்டுக்கும் அதே குணம். மட்டையில் வராத வடிவம் பிளைவூட்டிலும் வராது. அந்த இணங்காத குணந்தான் எங்களுக்கு வேண்டியது.

இனிச் செய்யும் விதம். பத்தில் ஒன்று என்ற அளவை வைத்துக்கொள்ளுங்கோ. கணக்கு லேசு. படத்தில் 10 சென்றிமீற்றர் என்றால் மட்டையில் 1. 12 அடி வள்ளம் 36 அல்லது 37 சென்றிமீற்றர் வரும். 6 மில்லிமீற்றர் பலகைக்கு 0.6 மில்லிமீற்றர் மட்டை, ஏறக்குறையக் கோன்பிளேக்ஸ் பெட்டியின் தடிப்பு.

முதலில் மட்டையை 12.2 சென்றிமீற்றர் அகலம், 24.4 சென்றிமீற்றர் நீளம் உள்ள துண்டுகளாக வெட்டுங்கோ. கடையில் விற்கிற 8 அடிக்கு 4 அடிப் பலகையின் பத்தில் ஒன்று அது. வள்ளத்தின் பாகங்களை அந்தத் துண்டுகளில் அடுக்கிப் பார்த்தால் எத்தனை பலகை வாங்க வேண்டும் என்று பொருளாளருக்கு அங்கேயே பதில் கிடைக்கும். 8 அடிப் பலகையில் 12 அடிப் பக்கம் வராது, இரண்டு துண்டை மூட்டவேண்டும். 6 மில்லிமீற்றர் பலகைக்குச் சரிவாகச் சீவி மூட்ட, தடிப்பைப்போல் எட்டு மடங்கு, அதாவது 48 மில்லிமீற்றர், மேலதிகமாக விடவேண்டும். இதையும் மட்டையில் குறியுங்கோ.

வளைகோடு கீற ஈர்க்கு ஒன்று போதும். குறித்த புள்ளிகளின் மேல் ஈர்க்கை வளைத்துப் பிடித்துக் கீறுங்கோ. ஒரு புள்ளி மட்டும் ஈர்க்கோடு சேராமல் விலகி நின்றால் அந்த அளவு பிழை. ஒரு பக்கத்தை வெட்டி, அதையே வைத்து மற்றப் பக்கத்தைக் கீறுங்கோ. இரண்டும் ஒன்றாக இருக்கும்.

பிறகு செலோரேப்பால் ஒட்டுங்கோ. அணியத்தில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, நடுவில் சட்டத்தை வைத்து, பின்பலகையை ஒட்டி, கடைசியாக அடிப்பலகை. எங்கே ரேப் இழுபடுகிறதோ அங்கே அளவைத் திரும்பப் பாருங்கோ. நடுச்சட்டத்தின் மேற்பக்கத்தைக் கொஞ்சம் அகட்டிப் பாருங்கோ. பக்கங்கள் வெளியே சாயும், இரண்டு தலைப்பும் மேலே தூக்கும். மட்டையில் 1 மில்லிமீற்றர் மாற்றினால் வள்ளத்தில் 1 சென்றிமீற்றர்.

இன்னொன்று. சட்டத்தைக் கழற்றிவிட்டு வள்ளத்தைக் கையில் பிடித்து முறுக்குங்கோ. துணி பிழிவதுபோல் முறுகும். பெரிய வள்ளமும் பசை காய முதல் அப்படித்தான் முறுகி நிற்கும். அதனால் பசை பூச முதல் அணியத்திலும் பின்னாலும் நேரான தடி ஒவ்வொன்றைக் குறுக்கே வைத்து, பின்னால் குந்தியிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கோ. இரண்டு தடியும் சமாந்தரமாக இருக்கவேண்டும். பசை இறுகினபிறகு முறுக்கை எடுக்க ஏலாது.

மட்டைக்கு ரேப் சுற்றிக் குளியல் தொட்டியில் மிதக்கவும் விடலாம். நீளம் பத்தில் ஒன்று என்றால் பாரம் ஆயிரத்தில் ஒன்று. 70 கிலோ ஆளுக்கு 70 கிராம். வள்ளத்தின் சொந்தப் பாரத்தையும் அதே கணக்கில் சேர்த்து வையுங்கோ. மூன்று பேர் ஏறினால் தண்ணீர் எங்கே நிற்கும், மூவரும் ஒரு பக்கம் போனால் என்ன நடக்கும் என்று பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே காண்பார்கள். இந்த நாட்டுக் குளத்துத் தண்ணீர் கோடையிலும் குளிர். அந்தப் பாடத்தைக் குளியல் தொட்டியில் படிப்பது நல்லது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது என்பது அதோடு சேர்ந்த பாடம்.

மட்டை சொல்லாதவையும் உண்டு. அது பலத்தைச் சொல்லாது. சின்ன மட்டை வள்ளம் கையில் விறைப்பாக நிற்பதால் பெரியதும் நிற்கும் என்று நினைக்கக்கூடாது. மட்டை லேசாக வளைந்த இடத்தில் பலகை முறியவும் கூடும். அதற்கு ஒரு துண்டுப் பலகையை வளைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பெரியோர்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளத்தின் படம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அதை வாசிப்பார்கள், ஆனால் கடல் தெரியாது. உங்களில் சிலருக்குக் கடல் தெரியும், அந்தப் படம் விளங்காது. "எங்களுக்கு இங்கை என்ன வேலை" என்று நீங்கள் ஒதுங்கி நிற்பது எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை மட்டை வள்ளத்தைக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்தால், நீங்கள் அதைத் திருப்பிப் பார்த்து, "அணியம் இவ்வளவு ஒடுக்கமெண்டால் அலைக்குள்ளை குத்தும் தம்பி" என்று சொல்லுவீர்கள். அதற்கு ஆங்கிலமும் தேவையில்லை, படமும் தேவையில்லை. பிள்ளையும் ஏன் என்று கேட்கும். அந்தக் கதை தொடங்கினால் வள்ளம் கட்டுவதற்கு மேலான வேலை ஒன்று நடந்துவிடும். பலகையை வெட்டினபிறகு நீங்கள் சொன்னால் அது குறை சொல்வதாகப் போகும். மட்டையில் சொன்னால் அது ஆலோசனை.

ஆகவே செயற்குழுவிடம் நான் கேட்பது: மூன்று மட்டை வள்ளங்கள் இந்த மேசைக்கு வந்து, பெரியவர்கள் கையில் எடுத்துப் பார்த்து ஓம் என்று சொல்லும் மட்டும் பலகைக்குக் காசு கொடுக்க வேண்டாம். பிள்ளைகளே, அடுத்த சனிக்கிழமைக்குக் கத்தரிக்கோலும் செலோரேப்பும் கொண்டு வாருங்கோ. ஈர்க்கு நான் கொண்டு வருகிறேன்.