கோடே கம்பியாகும்



சூடான பற்றாசுக்கோலுக்குப் பயந்து இலத்திரனியலை விட்டு ஒதுங்கும் பிள்ளைகளுக்கு மின்கடத்தும் மை நல்ல தொடக்கம். தூரிகையால் வரைந்த கோடு காய்ந்ததும் அதுவே கம்பி. வெள்ளி கலந்த மை நன்றாகக் கடத்தும், விலைதான் கட்டுபடியாகாது. கரிப்பூச்சு மலிவு, ஆனால் தடை கூட. கோடு நீண்டு மெலிந்தால் எல்.ஈ.டி. குமிழ் மங்கிவிடும், குட்டையாக, தடிப்பாகப் பூசவேண்டும்.

பூச்சும் இல்லையென்றால் 6பீ பென்சிலால் கடதாசியில் அழுத்தித் தீட்டிய பட்டை, ஒரு 9 வோல்ற்று மின்கலம் போதும். பட்டையின் தடையே குமிழை எரிந்துபோகாமல் காக்கும். அந்தக் காரீயம் எங்கள் போகலச் சுரங்கத்திலும் வெட்டப்படுவதுதான்.

வெளிநாட்டுச் சகோதரிகளே, அடுத்தமுறை கேடயத்துக்குப் பதிலாக ஆய்வுகூடத்துக்கு இரண்டு போத்தல் பூச்சு கொண்டுவாருங்கள். கேடயங்கள் அலுமாரி நிறைய இருக்கின்றன.

பிள்ளைகளே, வீட்டு மின்சாரத்தோடு மட்டும் இதைத் தொடுக்கவேண்டாம்.