சாணி வண்டும் அரசன் நெஞ்சும்

தோழர்களே!

சாணியை உருண்டையாக்கிப் பின்னங்கால்களால் உருட்டிக்கொண்டு போகும் வண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எகிப்து தேசத்தார் அந்த வண்டைக் கண்டுதான், சூரியனை உருட்டும் கெப்ரி என்ற கடவுளைக் கற்பித்துக்கொண்டார்கள். காரணம், மண்ணுக்குள் போன உருண்டையிலிருந்து புது வண்டு வெளிவந்ததாம். அது தாயில்லாமல் தானே பிறந்ததாம்! பெண் வண்டு சாணியில் முட்டையிடுவதையும், புழு அந்தச் சாணியையே தின்று வளர்வதையும் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரான ஃபாபர் கூர்ந்து கவனித்து எழுதினார். அதோடு அந்தத் தெய்வீகம் போயிற்று.

ஆனால், அந்தத் தெய்வீகத்தின் பேரால் நடந்த காரியத்தைப் பாருங்கள். செத்தவனின் நெஞ்சை மேலுலகத்தில் தராசிலிட்டு இறகுக்கு எதிராக நிறுப்பார்களாம், குற்றவாளி அகப்பட்டுக்கொள்வானாம். நல்லது, யோக்கியனாக நடப்பதற்கு இது உதவட்டும் என்று நாமும் விட்டுவிடலாம். ஆனால் அதற்கும் ஒரு பரிகாரம் வைத்தார்களே! பச்சைக் கல்லில் வண்டு செய்து, நெஞ்சு தனக்கு விரோதமாகச் சாட்சி சொல்லாதிருக்கும்படி அதில் மந்திரம் வெட்டிப் பிணத்தின் மார்பில் வைத்துவிட்டால் போதுமாம். சாட்சியின் வாயைக் கட்டுவதற்குப் பெயர் பக்தியா என்று கேட்கிறோம்.

சரி, அந்தத் தாயத்தாவது காப்பாற்றிற்றா? சுமார் 3,100 ஆண்டுகளுக்கு முன், 9ஆம் ராமேசஸ் அரசன் காலத்தில், சொபெகெம்சாஃப் என்ற பழைய அரசனின் கல்லறையைக் கொள்ளையடித்த திருடர்களின் வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. பிணத்தின் கழுத்திலிருந்த தாயத்துகளையும் பொன்னையும் கழற்றிக்கொண்டு, சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தார்களாம். பிடிபட்ட கல்தச்சன் ஒருவன் தன் பங்குப் பொன்னை ஒரு எழுத்தருக்குக் கொடுத்து வெளியே வந்து, மறுபடியும் கூட்டாளிகளோடு சேர்ந்துகொண்டானாம்! மேலுலகத்துக்குக் கற்பித்த வித்தை பூலோகத்திலும் பலித்தது.

சொபெகெம்சாஃப் என்ற பெயர் வெட்டிய, தங்கத்தில் பதித்த பச்சைக் கல் வண்டு ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 3ஆம் அமென்ஹோதெப் அரசன், பத்தாண்டுகளில் தான் 102 சிங்கங்களைக் கொன்றதாகப் பொறித்து ஊரெங்கும் அனுப்பிய வண்டுகளும் பல மியூசியங்களில் இருக்கின்றன. அவை சரித்திரம் சொல்லுகின்றன. அந்த மட்டில் அவற்றைப் போற்றிக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் அதே அரசன் செய்வித்த பெரிய கல் வண்டு ஒன்று கர்னாக் கோயில் குளக்கரையில் இருக்கிறதே, அதைப் பார்க்கப் போகும் பிரயாணிகள் அதிர்ஷ்டம் வருமென்று இன்றும் அதை வலம் சுற்றுகிறார்கள்.

கெப்ரியைக் கும்பிட ஒருவரும் இல்லை. ஆனாலும் சுற்றுகிற கால் மட்டும் நிற்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள், தோழர்களே!